நைரோபிக்கு ஐந்து நாள் வியாபாரப் பயணம்: என்னென்ன தயார் செய்யணும்?

கிள்ளான்_கையுறை | ஜூன் 4, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கம்பெனி நைட்ரைல் கையுறை செய்யுது. நைரோபியில ரெண்டு விநியோகஸ்தரைப் பார்க்கணும், ஒரு ஆஸ்பத்திரி கொள்முதல் பிரிவோட ஒரு சந்திப்பு, கடைசியா ஒரு வக்கீல் ஆபீஸ். ஜூன் 21 ராத்திரி கேஎல்ஐஏவில (கோலாலம்பூர் விமான நிலையம்) ஏறி, தோஹா வழியா 22 மதியம் இறங்குறேன். 27 கிளம்பி 28 வீடு. டிக்கெட் எடுத்தாச்சு, தனியாத்தான் போறேன், ஆப்பிரிக்கா பக்கம் இதுதான் முதல் தடவை.

இப்போதைக்குத் திட்டம் இது: 23 காலை 9 மணிக்கு வெஸ்ட்லேண்ட்ஸ், 11 மணிக்கு இண்டஸ்ட்ரியல் ஏரியா, மதியம் 2 மணிக்கு அப்பர் ஹில். 24 சும்மா. 25 காலையில நகர மையத்துல வக்கீல். 26 ஒதுக்கி வச்சிருக்கேன்.

கேள்விகள்: விசா எப்படி? ரிங்கிட் கொண்டு போனா மாத்தலாமா? மாதிரிக்கு ரெண்டு கார்ட்டன் (20 பெட்டி) பெட்டியில போட்டுக்கிட்டுப் போகலாமா? பிளக் அடாப்டர் வேணுமா? இணையத்துல தேடினா சிங்கமும் யானையும்தான் வருது. வியாபாரத்துக்குப் போறவனுக்கு ஒண்ணும் கிடைக்கல.

---

செந்தூல்_பயணமேசை | ஜூன் 4, இரவு 10.05

தேதியைப் பார்த்தா உங்களுக்கு முதல் வேலை விசா இல்லை, ஊசி.

கென்யா மஞ்சள் காய்ச்சல் பட்டியல்ல உள்ள நாடு. மலேசியா அந்தப் பட்டியல்ல இல்லாததால, இங்கேயிருந்து போறவங்ககிட்ட கென்யா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்காது. அதனாலதான் நிறைய பேர் "வேண்டியதில்லை"ன்னு நினைச்சு விட்டுடுறாங்க. கேட்கப்போறது நம்ம ஊரு. அந்தப் பட்டியல் நாடுகளிலிருந்து திரும்பி வர்றவங்க, குடிமக்களா இருந்தாலும், கேஎல்ஐஏ சுகாதார முகப்புல செல்லுபடியாகும் சான்றிதழ் காட்டணும். இல்லைன்னா தனிமைப்படுத்தல். ஆறு நாள், அல்லது சான்றிதழ் செல்லுபடியாகும் நாள் வரை, எது முதல்ல வருதோ அது.

இப்போ கணக்கு. ஊசி போட்ட பத்தாம் நாள்லதான் சான்றிதழ் உயிர் பெறும். 28ஆம் தேதி இறங்கும்போது செல்லணும்னா 18ஆம் தேதி போட்டாலே போதும்னு ஒரு கணக்கு வரும். அந்தக் கணக்கை நம்பாதீங்க. அது காகிதத்துக்கான கணக்கு, உடம்புக்கானது இல்லை. எதிர்ப்புச் சக்தி வர்றதுக்கும் அதே பத்து நாள் வேணும், நீங்க கிளம்புறது 21. ஆக 11ஆம் தேதிக்குள்ள ஊசி முடியணும். சுகாதார அமைச்சு அங்கீகரிச்ச மையங்கள்ல மட்டும்தான் போடணும். சில இடத்துல வாரத்துல குறிப்பிட்ட நாள் மட்டும்தான் போடுவாங்க, அதனால நாளைக்கே போன் அடிங்க.

மஞ்சள் புத்தகத்துல (அதுதான் தடுப்பூசிச் சான்றிதழ்) நாலு விஷயத்தை முகப்பை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே சரிபார்க்கணும்: பேர் பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே இருக்கா (த/பெ பகுதி உட்பட), தேதி, மருந்தின் தொகுதி எண், மையத்தின் முத்திரை. முத்திரை விட்டுப்போன புத்தகம் வெறும் காகிதம். 2016 ஜூலையிலிருந்து ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும். பழைய புத்தகத்துல "பத்து வருஷம்"னு அச்சடிச்சிருந்தாலும் அதுவும் செல்லும், திரும்பப் போட வேண்டாம். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கிற மருந்து. 60 வயசு தாண்டினவங்க, கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவங்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை எடுக்கிறவங்க மருத்துவர்கிட்ட முன்கூட்டியே சொல்லணும். போடக்கூடாதுன்னு அவர் முடிவு பண்ணினா விலக்குக் கடிதம் தருவார்.

விசா விஷயம் சின்னது. 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா என்பதே கிடையாது, அதுக்குப் பதிலா இடிஏ எனும் மின்னணுப் பயண அனுமதி. எந்த நாட்டுக்கு என்ன கட்டணம், எந்த நாட்டுக்கு விலக்கு என்பதை அவங்க அடிக்கடி மாத்துறாங்க, அதனால அரசுத் தளத்துல உங்க பாஸ்போர்ட் நாட்டைத் தேர்ந்தெடுத்து வர்ற பதிலை மட்டும் நம்புங்க. தேடும்போது மேல வர்ற விளம்பரத் தளங்கள் இடைத்தரகர்கள்; அதே படிவத்துக்கு ரெண்டு மூணு மடங்கு வாங்குவாங்க. முகவரி "கோ டாட் கேஈ"ன்னு முடிஞ்சா மட்டும் அரசுத் தளம். ஆறு மாசம் ஆயுள் உள்ள பாஸ்போர்ட், முகப்படம், போக வர டிக்கெட், ஹோட்டல் பதிவு, அந்த ஊர் கம்பெனியோட அழைப்புக் கடிதம், இவ்வளவுதான். மூணு வேலை நாள்னு சொன்னாலும் இரண்டு வாரம் முன்னாடி போடுங்க. அனுமதி பாஸ்போர்ட் எண்ணோட பிணைஞ்சது, இடையில பாஸ்போர்ட் புதுப்பிச்சா அது செத்துப்போகும். ஒரு நகல் அச்சடிச்சு வச்சுக்குங்க, கேஎல்ஐஏ செக்-இன் முகப்புலயே கேட்பாங்க.

குடிநுழைவு முகப்புல "எதுக்கு வந்தீங்க"ன்னா "வியாபாரச் சந்திப்பு"ன்னு சொல்லுங்க. "வேலைக்கு"ன்னு வாய் தவறிச் சொல்லிடாதீங்க. இயந்திரம் பொருத்துறது, சம்பளத்துக்குப் பயிற்சி கொடுக்கிறது எல்லாம் அவங்க கணக்குல வேலைதான். அதுக்கு ஸ்பெஷல் பாஸ்னு ஒரு குறுகிய கால வேலை அனுமதி வேணும், அதை அந்த ஊர் கம்பெனி எடுக்கணும்.

அடாப்டர் வேண்டாம். நம்ம வீட்டு மூணு முள் பிளக்தான் அங்கேயும், 240 வோல்ட். வண்டியும் இடது பக்கம்தான் ஓடும்.

---

ஈப்போரோடு77 | ஜூன் 4, இரவு 10.31

மஞ்சள் புத்தகத்தை கேஎல்ஐஏவில யாரு பார்க்கிறா? தோஹா விமானத்துல வந்தா நேரா ஆட்டோகேட்தான் (தானியங்கிக் குடிநுழைவு வாயில்). ஊசி காசு வீண்.

---

செந்தூல்_பயணமேசை | ஜூன் 4, இரவு 10.48

பார்க்காத நாள் நிறைய உண்டு அண்ணே, மறுக்கல. பார்க்கிற நாள்ல ஆறு நாள் போகும். அதோட இது கேஎல்ஐஏ கையில மட்டும் இல்லை. நைரோபியில செக்-இன் பண்ற பெண் கணினியில "மலேசியா: சான்றிதழ் தேவை"ன்னு பார்த்தா அங்கேயே விமானத்துல ஏத்தாம நிறுத்தலாம். எல்லாத்துக்கும் மேல, அது நோய்க்குப் போடுற ஊசி, முகப்புக்குப் போடுறது இல்லை.

மலேரியாவைப் பத்தி யாராவது கேட்பீங்க: நைரோபி நகரம் உயரத்துல இருக்கிறதால ஆபத்து குறைவு. மொம்பாசா கடற்கரைக்கோ கிசுமு ஏரிப் பக்கத்துக்கோ பயணம் நீண்டா மட்டும் மாத்திரை பத்தி மருத்துவர்கிட்ட பேசுங்க.

---

பங்சார்_கணக்கு | ஜூன் 5, காலை 7.50

பணம் பற்றி.

ரிங்கிட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். நைரோபியில் அதை வாங்குபவர் அபூர்வம், வாங்கினாலும் கொடுக்கும் விலை வயிற்றெரிச்சல். அமெரிக்க டாலர் எடுத்துச் செல்லுங்கள். கோலாலம்பூரில் மஸ்ஜிட் இந்தியாவிலோ மிட்வேலியிலோ மாற்றும்போது மூன்று நிபந்தனைகள் சொல்லி வாங்குங்கள்: 2013-க்குப் பிந்தைய நோட்டு, கிழிசலோ பேனாக் கோடோ இல்லாத நோட்டு, முடிந்தவரை 100, 50 டாலர் தாள்கள். பழைய தாளைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் தொடவே மாட்டார்கள், சிறிய தாள்களுக்கு விலை குறைத்துத் தருவார்கள். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் என்றால் இங்கேயும் அங்கேயும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். ஐந்து நாளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை.

விமான நிலையத்தில் 50 டாலர் மட்டும் மாற்றுங்கள், மீதியை வெஸ்ட்லேண்ட்ஸ் பேரங்காடிகளில் உள்ள மாற்றுக் கடைகளில். ஒரு டாலருக்கு சுமார் 130 ஷில்லிங் என்று மனதில் வைத்துக்கொண்டால் விலைப்பட்டியல் படிக்க எளிது. நம் காசுக்கு 30 ஷில்லிங் ஒரு ரிங்கிட் என்று தோராயமாக வகுத்துக்கொள்ளலாம். 2019-க்கு முந்தைய பழைய 1000 ஷில்லிங் தாள் செல்லாது; ஜோமோ கென்யாட்டாவின் பெரிய முகப்படம் போட்டது. புதிய தாளில் அவர் மாநாட்டு மையக் கட்டடத்தின் பக்கத்தில் சிலையாக மட்டுமே நிற்பார். யாராவது சில்லறை என்று பழையதைத் திணித்தால் திருப்பிக் கொடுங்கள்.

அதன் பிறகு எம்-பெசா எனும் கைப்பேசிப் பணச் சேவை. 2007-இல் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கியது, இன்று டாக்சி முதல் தெருவோர வாழைப்பழம் வரை எல்லாம் அதில்தான். நம் ஊர் மின்பணப்பை போல வங்கிக் கணக்கை ஒட்டியது அல்ல, சிம் அட்டையை ஒட்டியது. ஸ்மார்ட்போன் இல்லாமலே ஓடும். வெளிநாட்டவரும் பாஸ்போர்ட்டைக் காட்டித் திறக்கலாம். வருகைக் கூடத்தில் உள்ள சஃபாரிகாம் கடையில் சிம் வாங்கும்போதே "எம்-பெசாவும் சேர்த்துப் பதியுங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பேச்சும் இணையமும் மட்டும் வரும், இரண்டாவது முறை வரிசையில் நிற்க வேண்டும். அசல் பாஸ்போர்ட் வேண்டும், நகல் போதாது. *334# அழுத்தி நான்கு இலக்க ரகசிய எண் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு போடுவது: பச்சை நிற எம்-பெசா பலகை உள்ள எந்த முகவர் கடையிலும் ஷில்லிங்கைக் கொடுத்தால் உங்கள் எண்ணில் ஏற்றுவார், கட்டணம் இல்லை. கொடுப்பது: கடைகளில் "டில்" எண் ஒட்டியிருப்பார்கள். "பொருள் வாங்க" என்ற பிரிவில் அந்த எண், தொகை, ரகசிய எண். வாங்குபவருக்குக் கட்டணம் கிடையாது. "பேபில்" எண் வேறு வகை. அதில் கணக்கு எண் என்று இரண்டாவது ஓர் எண்ணும் கேட்கும், சில இடங்களில் கட்டணமும் உண்டு. இரண்டையும் குழப்பினால் காசு வேறு யாருக்காவது போகும். அனுப்பும் முன் பெறுபவர் பெயர் திரையில் வரும், அதைப் படியுங்கள். தவறிப் போனால் வந்த குறுஞ்செய்தியை 456-க்கு அனுப்பினால் திருப்பக் கேட்கலாம். எதிர்த் தரப்பு அதற்குள் எடுத்துச் செலவழித்திருந்தால் சிக்கல்.

அடிக்கடி நடக்கும் ஏமாற்று: "தவறுதலாக உங்களுக்கு 3,000 ஷில்லிங் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று அழைப்பு வரும், கூடவே ஒரு குறுஞ்செய்தி. உண்மையான செய்தி எம்-பெசா என்ற பெயரில் வரும், சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. மீதித் தொகையைப் பார்க்காமல் ஒரு ஷில்லிங் கூட அனுப்பாதீர்கள்.

வங்கி அட்டைக்கு ஒன்று. மலேசிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாகவே மூடியிருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் தேதி போட்டுத் திறந்துவிடுங்கள். புதுக் கைப்பேசி வாங்கும் எண்ணம் இருந்தால் பயணம் முடியட்டும்: புதுக் கருவியில் செயலியைப் பதிந்தால் காத்திருப்பு நேரம் உண்டு, அந்த நேரம் பார்த்து ஹோட்டல்காரர் முன்பணம் கேட்பார். ஹோட்டல் விலையை டாலரில் சொல்வார்கள். 16 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் மற்ற வரிகளும் சேர்ந்த விலையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

---

தோக்கோங்_கரை | ஜூன் 5, காலை 10.20

பினாங்கிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். மேலே எல்லாரும் காகிதத்தைச் சரிபண்ணிட்டாங்க. ஆனா உங்க 23ஆம் தேதி அட்டவணை ஓடாது.

வெஸ்ட்லேண்ட்ஸ் நகரத்துக்கு வடமேற்கே. இண்டஸ்ட்ரியல் ஏரியா தென்கிழக்கே. அப்பர் ஹில் மையத்துக்குத் தென்மேற்கே. வரைபடத்துல பார்த்தா எல்லாம் பத்து கிலோமீட்டருக்குள்ளதான். ஆனா காலை ஆறரை முதல் ஒன்பதரை, மாலை நாலரை முதல் எட்டு, இந்த நேரங்கள்ல நகரம் நகராது. மழை வந்தா, மாசக் கடைசி வெள்ளிக்கிழமைன்னா இன்னும் மோசம். மாலை ஆறு மணிக்கு நம்ம கோலாலம்பூர் ஃபெடரல் ஹைவேயை நினைச்சுக்குங்க, ஆனா எல்ஆர்டி ரயில் இல்லாம. உங்க 26ஆம் தேதி மாசக் கடைசி வெள்ளி, பார்த்துக்குங்க.

விதி: ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம், அதிகபட்சம் ரெண்டு சந்திப்பு. ஒன்பது மணிச் சந்திப்பு எந்த வட்டாரத்துலயோ அங்கேதான் முதல் நாள் ராத்திரி தங்கணும். பெரும்பாலான வியாபாரிகள் வெஸ்ட்லேண்ட்ஸைத் தேர்ந்தெடுக்கிறதுக்குக் காரணம் அழகு இல்லை, விரைவுச்சாலை. 2022-ல் திறந்த நைரோபி விரைவுச்சாலை மொம்பாசா ரோட்டுல உள்ள ம்லோலோங்கோவிலிருந்து வெஸ்ட்லேண்ட்ஸ் வரை 27 கிலோமீட்டர், ஒரு பகுதி தூண் மேல. இடையில விமான நிலையத்துக்கும் வாசல் உண்டு. மேல போனா விமான நிலையம் டூ வெஸ்ட்லேண்ட்ஸ் அரை மணிக்குள்ள. கீழ போனா ஜாம் நேரத்துல ஒன்றரை மணி தாண்டும். டோல் காருக்குச் சில நூறு ஷில்லிங், செயலி காட்டுற கட்டணத்துல அது சேராது. ஓட்டுநர் "எக்ஸ்பிரஸ்வே?"ன்னு கேட்பார், ஆமான்னு சொல்லி டோலைத் தனியாக் கொடுங்க. கேட்காம மேல போயிட்டு அப்புறம் தகராறு வர்றதை விட, ஏறும்போதே பேசிடுறது நல்லது.

டாக்சிக்கு ஊபர், போல்ட், உள்ளூர் லிட்டில் மூணும் ஓடுது. முன்பதிவு ஆன உடனே ஓட்டுநர் போன் அடிப்பார்: "எங்கே போறீங்க? ரொக்கமா எம்-பெசாவா?" மோசடி இல்லை, பழக்கம். அட்டைன்னு சொன்னா காசு கைக்கு வர நாளாகும்னு ரத்து பண்ணிடுவாங்க. "எம்-பெசா"ன்னு சொன்னா வருவாங்க. ஆக உள்ளூர் எண் இல்லாம டாக்சி கிடைக்கிறதே கஷ்டம், அதனாலதான் சிம் முதல் வேலை. ஏறும் முன்னாடி வண்டி எண் பாருங்க. ஜன்னலை ஏத்தியே வைங்க. ஜாம்ல நிக்கும்போது கையிலிருக்கிற கைப்பேசி வெளியே பறந்துபோறது அந்த ஊர்ல நம்ம ஊர் கைப்பை வழிப்பறி மாதிரி. இருட்டினப்புறம் நகர மையத்துல நடக்க வேண்டாம், ரெண்டு தெரு தூரம்னாலும் வண்டி. போடா-போடான்னு மோட்டார்சைக்கிள் டாக்சி ஜாமைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். ஆசையா இருக்கும், கோட்டு போட்டவங்களுக்கு இல்லை.

இப்போ 25ஆம் தேதி. அந்தத் தேதியை மாத்துங்க. 2024 ஜூன் 25 நிதி மசோதாவை எதிர்த்து நடந்த போராட்டத்துல நாடாளுமன்றத்துக்குள்ள கூட்டம் நுழைஞ்சு பலர் செத்தாங்க. 2025-ல் அதே தேதி நினைவு நாளா திரும்ப நடந்துச்சு, நகர மையத்துக்குப் போற ரோடெல்லாம் அடைப்பு, கடைகள் மூடல். ஜூலை 7-க்கும் அதே கதை, அது 1990-லிருந்து வர்ற "சபா சபா". இந்த ரெண்டு தேதியிலயும் நகர மையத்துல சந்திப்பு வைக்கிறவங்க வெளியூர்க்காரங்க மட்டும்தான். வக்கீல்கிட்ட 24-க்கு மாத்தலாமான்னு கேளுங்க, அவரே நிம்மதியா சரின்னு சொல்லுவார்.

குளிருக்குச் சட்டை கட்டாயம். நைரோபி சுமார் 1,700 மீட்டர் உயரம், கேமரன் மலை தானா ராத்தாவை விட மேல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம், காலையில 11, 12 பாகைக்கு இறங்கும், நாள் முழுக்க வானம் மூடியே இருக்கும். "பூமத்திய ரேகை, நம்ம ஊர் மாதிரிதானே"ன்னு மெல்லிய பாத்திக் சட்டையோட வர்றவங்க நடுங்குவாங்க. அடர் நிறக் கோட்டு, உள்ளே ஒரு மெல்லிய ஸ்வெட்டர். முதல் நாள் மாடி ஏறினா லேசா மூச்சு வாங்கும், தண்ணி நிறையக் குடிங்க. புட்டித் தண்ணிதான்.

---

கிள்ளான்_கையுறை | ஜூன் 5, மதியம் 1.15

நன்றி அண்ணே, சகோதரி, எல்லாருக்கும். ஊசி 9ஆம் தேதிக்குக் கிடைச்சிருக்கு. வக்கீலுக்கு மின்னஞ்சல் போட்டாச்சு. மாதிரிப் பெட்டி விஷயம் யாரும் சொல்லலையே? அப்புறம் ரெண்டு விநியோகஸ்தர்ல ஒருத்தர் "அரசு டெண்டர் கிடைச்சாச்சு, பதிவுக் கட்டணம் மட்டும் நீங்க பாதி போடணும்"னு சொல்றார். சரியா?

---

பட்டர்வொர்த்_சரக்கு | ஜூன் 5, மாலை 5.40

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: போடாதீங்க. டெண்டர் ஜெயிச்சவர் விற்பவரிடம் கட்டணம் கேட்க மாட்டார். இது ஆப்பிரிக்கா முழுக்க உலவுற பழைய வித்தை. அமைச்சின் தலைப்புத்தாள், முத்திரை எல்லாம் அச்சாகவே வரும்.

வாங்குபவர் நிஜமா என்று பார்க்க இங்கே உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய மூணு காரியம்:

அவரோட வரி எண்ணைக் கேளுங்க. அங்கே "பின்"னு சொல்லுவாங்க, கென்ய வருவாய் ஆணையம் கொடுக்கிறது. அந்த ஆணையத்தின் ஐடேக்ஸ் தளத்துல பின் சரிபார்க்கும் பக்கம் இருக்கு. எண்ணைப் போட்டா கம்பெனி பேர் வரும். பேர் பொருந்தலைன்னா பேச்சு முடிஞ்சது.

அடுத்து சிஆர்12. கம்பெனி இயக்குநர்கள், பங்குதாரர்கள் யார்னு பதிவகம் தர்ற ஒரு பக்கத் தாள். நம்ம ஊர் கம்பெனிப் பதிவகமான எஸ்எஸ்எம் தர்ற சான்று மாதிரின்னு வச்சுக்குங்க. ஒரு மாசத்துக்குள்ள எடுத்ததா கேளுங்க. நாணயமான ஆளுக்கு அது இ-சிட்டிசன் அரசுத் தளத்துல எடுக்கிற சின்ன வேலை. "அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம்"னு இழுத்தா யோசிங்க. உங்களோட பேசுறவர் பேர் அந்தத் தாள்ல இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அவருக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுத்த கடிதம் கேளுங்க.

மூணாவது, மெனாரா மாட்ரேட்டுக்கு (நம்ம அரசோட ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பு) ஒரு மின்னஞ்சல். வாங்குபவர் பேரைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லலாம். வரி கட்டுறோம், பயன்படுத்துங்க.

இப்போ மாதிரி. ரெண்டு கார்ட்டன் வேண்டாம். இறங்கினதும் பெட்டியெல்லாம் சுங்க எக்ஸ்ரே வழியா போகும். ஒரே மாதிரிப் பெட்டி இருபது தெரிஞ்சா அது மாதிரி இல்லை, சரக்கு. ஓரமா நிறுத்தி மதிப்புப் போட்டு வரி கேட்பாங்க, ரசீது இல்லாம பேரம் பேசுற ஆளும் அங்கேதான் முளைப்பார். அளவுக்கு ஒண்ணா எஸ், எம், எல், எக்ஸ்எல், மொத்தம் நாலு பெட்டி போதும். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, மேல "மாதிரி, விற்பனைக்கல்ல"ன்னு ஆங்கிலத்துல முத்திரை குத்துங்க. கம்பெனித் தாள்ல ஒரு ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டிய விலைச்சிட்டை): பொருள் பேர், சுங்கக் குறியீடு 4015.12 (மருத்துவக் கையுறை), எண்ணிக்கை, பெயரளவு மதிப்பு. மதிப்பைச் சுழியம்னு போடாதீங்க. சுழியம் போட்டா அதிகாரி தானே ஒரு மதிப்பு போடுவார், அது உங்களுக்குப் பிடிக்காது. மீதிக் கார்ட்டனை விநியோகஸ்தரோட பின் எண் போட்டு கூரியர்ல முன்னாடியே அனுப்புங்க, சுங்க வேலை அவர் தலையில.

காகிதக் கோப்புல இருக்க வேண்டியது: ஐஎஸ்ஓ 13485 (மருத்துவக் கருவித் தர மேலாண்மைச் சான்று), ஈஎன் 455 (ஐரோப்பிய மருத்துவக் கையுறைத் தரம்) சோதனை அறிக்கை, ஏஎஸ்டிஎம் டி6319 (அமெரிக்க நைட்ரைல் கையுறைத் தரம்) அறிக்கை. கொள்முதல் பிரிவு முதல்ல கேட்கப்போறது ஏக்யூஎல் 1.5 (குறையுள்ள கையுறை எவ்வளவு வரை ஏற்கலாம்னு சொல்ற அளவு) என்பதுக்கு ஆதாரம். விலை அப்புறம்தான்.

இதுல பெரிய குழி ஒண்ணு இருக்கு. மருத்துவக் கையுறையை கென்யாவின் மருந்துக் கட்டுப்பாட்டு வாரியமான பார்மசி அண்ட் பாய்சன்ஸ் போர்டில் பதியணும். அதை உள்ளூர்ப் பிரதிநிதி மூலமாத்தான் செய்யணும். விநியோகஸ்தர் "நாங்களே பார்த்துக்குறோம், கவலைப்படாதீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். பதிவு அவர் கைக்குப் போனப்புறம், அவர் சரியா விக்கலைன்னு ஆளை மாத்த நினைச்சா, அவர் விட்டுக்கொடுக்கிற வரை உங்க சரக்கு நிக்கும். அதனால ஒப்பந்தத்துலயே எழுதுங்க: பதிவு உற்பத்தியாளர் சார்பா எடுக்கப்படுது, ஒப்பந்தம் முடிஞ்சா இத்தனை நாள்ல மாத்திக் கொடுக்கணும். வக்கீலைப் பார்க்கப்போறீங்கல்ல, அவர்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஆக வக்கீல் சந்திப்பு விநியோகஸ்தர் சந்திப்புக்கு முன்னாடி வரணும். இப்போ தலைகீழா வச்சிருக்கீங்க.

சமையலறைக் கையுறை, தொழிற்சாலைக் கையுறையும் விக்கிற எண்ணம் இருந்தா அது வேற வழி: தர நிர்ணய அமைப்பான கெப்ஸின் பிவிஓசி. சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடி, இங்கேயே அவங்க நியமிச்ச சோதனை நிறுவனம் பார்த்து இணக்கச் சான்றிதழ் தரணும். கப்பல் போனப்புறம் அந்தச் சான்றிதழை எடுக்க முடியாது. அது இல்லாம மொம்பாசாவுல இறங்கினா அபராதம், துறைமுக வாடகை, நாள் கணக்கு எல்லாம் சேர்ந்து லாபத்தைத் தின்னுடும்.

---

பிரிக்பீல்ட்ஸ்_சைவம் | ஜூன் 5, இரவு 8.30

சாப்பாடு: சைவம்னா வெஸ்ட்லேண்ட்ஸுக்குப் பக்கத்துல பார்க்லேண்ட்ஸ் போங்க. குஜராத்தி மக்கள் தலைமுறை தலைமுறையா இருக்கிற இடம், டைமண்ட் பிளாசா உணவுக் கூடத்துல எல்லாம் கிடைக்கும். 2017-ல் கென்ய ஆசியர்களை அந்த நாட்டின் 44ஆவது இனமா அரசு அறிவிச்சது. உங்க விநியோகஸ்தரும் அந்தச் சமூகத்தவரா இருக்க வாய்ப்பு உண்டு; அப்படின்னா மதிய உணவுக்குக் கூப்பிடுறதுக்கு முன்னாடி சைவமான்னு கேட்டுக்குங்க. தோசை, சாம்பார்னு பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். உள்ளூர்ச் சாப்பாட்டுல உகாலி (மக்காச்சோள மாவுக் களி), சுகுமா விகி (கீரைப் பொரியல்), சப்பாத்தி சைவர்களுக்குப் போதும். கீரையில கறிச்சாறு சேர்ப்பதுண்டு, கேட்டுக்குங்க. டிப்ஸ் கட்டாயமில்லை, பத்து விழுக்காடு கொடுத்தா சந்தோஷம்.

மரியாதை விஷயம்: உட்கார்ந்த உடனே விலைப்பட்டியலை எடுக்காதீங்க. கைகுலுக்கல், பயணம் எப்படி, குடும்பம் எப்படி, தேநீர், அப்புறம்தான் வியாபாரம். சுவாஹிலியில "ஹபாரி" (நலமா) சொன்னா போதும், முகம் மலரும். நம்ம ஊர் மலாய் "அப்பா கபார்"ல வர்ற அதே அரபுச் சொல்தான். சோப்புக்கு சபுனி, அகராதிக்கு கமுசி, நேரத்துக்கு வகாத்தி. மலாய் தெரிஞ்சவங்களுக்கு சுவாஹிலி பாதி அண்டை வீடு.

ஆனா மணி சொல்றதுல ஒரு கண்ணி. சுவாஹிலியில நாள் சூரிய உதயத்துல தொடங்குது. காலை ஏழு மணி "சா மோஜா", அதாவது ஒரு மணி. "சா தாத்து"ன்னா மூணு இல்லை, ஒன்பது. ஆறு மணி நேரம் கூட்டணும். ஆபீஸ்ல ஆங்கிலத்துல பேசும்போது இந்தக் குழப்பம் வராது. ஓட்டுநர், காவலாளி சொல்ற மணிக்குத்தான் திரும்பக் கேட்டுக்கணும். கிள்ளானுக்கும் நைரோபிக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம்: அங்கே காலை 9, இங்கே மதியம் 2. தொழிற்சாலையிலிருந்து பதில் வேணும்னா அங்கே மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, அப்புறம் இங்கே எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க.

---

தோக்கோங்_கரை | ஜூன் 5, இரவு 9.05

விட்டுப்போன ஒண்ணு: பிளாஸ்டிக் பை. 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவுல தடை, தண்டனை கடுமை. தோஹா கடையில வாங்கின பொருளோட பையை இறங்கும் முன்னாடியே எடுத்துப் போட்டுடுங்க, மாதிரிக் கையுறையையும் பிளாஸ்டிக் பையில சுத்தாதீங்க, துணிப்பை எடுத்துக்குங்க. ட்ரோன் கொண்டு போகவே வேண்டாம், அனுமதி இல்லாம இறங்கினா முகப்புலயே வாங்கி வச்சுடுவாங்க.

---

கிள்ளான்_கையுறை | ஜூன் 6, காலை 8.10

வக்கீல் 24 காலை சரின்னுட்டார், நீங்க சொன்ன மாதிரியே. புது அட்டவணை: 23 ஓய்வு, சிம், காசு மாத்துறது. 24 காலை வக்கீல். 25 வெஸ்ட்லேண்ட்ஸ் விநியோகஸ்தர், ஹோட்டலிலிருந்து நடக்கிற தூரம். 26 காலை 10 அப்பர் ஹில் ஆஸ்பத்திரி. இண்டஸ்ட்ரியல் ஏரியா ஆளு (டெண்டர் ஆளேதான்) பின் எண் கேட்டதிலிருந்து பதிலே போடல. 27 மாலை 5.30-க்கு விமானம், ஹோட்டலை எத்தனை மணிக்கு விடணும்?

---

செந்தூல்_பயணமேசை | ஜூன் 6, காலை 8.45

மதியம் 1.15-க்கு வண்டியில உட்கார்ந்திருங்க தம்பி. சனிக்கிழமைதான், விரைவுச்சாலையில அரை மணி. ஆனா விமான நிலைய வளாகத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சோதனைச் சாவடி இருக்கு: பயணிகள் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கி, ஒரு கொட்டகை வழியா நடந்து சோதனை முடிச்சு, அந்தப் பக்கம் திரும்ப ஏறணும். பாஸ்போர்ட், கைப்பேசி, பணப்பையைக் கையிலயே எடுத்துக்கிட்டு இறங்குங்க, வண்டி எண்ணை மனசுல வச்சுக்குங்க. அந்தப் பக்கம் ஒரே நிற வண்டி வரிசையா நிக்கும். முனையக் கதவுல இன்னொரு எக்ஸ்ரே, உள்ளே வாசல் பக்கத்துல மூணாவது. மூணு மணி நேரம் முன்னாடி போய்ச் சேர்ந்தா பதற்றமில்லாம முடியும்.

எம்-பெசாவில மீதி இருந்தா ஹோட்டல் பக்கத்து முகவர்கிட்டயே எடுத்துடுங்க, அசல் பாஸ்போர்ட் கேட்பாங்க, சின்னக் கட்டணம் உண்டு. எடுத்த ஷில்லிங்கை அங்கேயே டாலரா மாத்திடுங்க, கேஎல்ஐஏவில யாரும் சீந்த மாட்டாங்க. மஞ்சள் புத்தகம் பாஸ்போர்ட்டோட ரப்பர் பேண்டு போட்டு, கைப்பையில. கார்கோ பெட்டியில போகக்கூடாது.